கறுப்புக் கோடு நேராக விழ: ராக்கு முறையில் ஒரு ஜாடி சுட்ட அனுபவம்

எங்கள் வீட்டு அலமாரியில் 24 செ.மீ. உயரமுள்ள ஒரு மண் ஜாடி இருக்கிறது. அதன் கழுத்துக்குக் கீழே ஒரு வரிசை முக்கோணங்களும், வயிற்றைச் சுற்றி 12 சாய்சதுரங்களும், அடியில் தலைகீழாக நிற்கும் இன்னொரு வரிசை முக்கோணங்களும் உள்ளன. கட்டங்கள் வெள்ளை, அவற்றைப் பிரிக்கும் கோடுகள் மூன்று மில்லிமீட்டர் அகலத்தில் அடர்ந்த கறுப்பு. வெள்ளைக்குள் மயிரிழை போன்ற கீறல்கள் வலைபோலப் பின்னிக் கிடக்கின்றன. வருகிறவர்கள் கறுப்புக் கோட்டைத் தூரிகையால் வரைந்ததாகவே நினைக்கிறார்கள். அந்தக் கோட்டில் ஒரு துளி வண்ணம்கூட இல்லை. அது முழுவதும் புகை. இந்த ஜாடிக்கு முன்னால் அதே வடிவத்தில் ஆறு ஜாடிகளை இழந்தேன். ஆறும் ஒரே காரணத்தால் போகவில்லை என்பதாலும், இந்த வேலையில் இறங்க நினைக்கும் மற்றவர்களுக்கு அந்தக் காரணங்கள் பயன்படும் என்பதாலும் இதை எழுதுகிறேன்.

நான் மதுரையில் கணித ஆசிரியையாகப் பணிபுரிந்து ஓய்வு பெற்றவள். பாண்டிச்சேரியில் ஒரு குறுகிய காலப் பயிற்சியில் சக்கரத்தில் மண் வனையக் கற்றுக்கொண்டேன். ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் 1971இல் அங்கே கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியைத் தொடங்கிய பிறகு அந்த ஊரிலும் ஆரோவில்லிலும் ஸ்டுடியோ மண்கலைஞர்கள் பெருகியிருப்பதால், பொருள்கள் வாங்கவும் ஐயங்கள் கேட்கவும் இன்றும் அந்தத் திசையைத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. ஊர் திரும்பியதும் நாகமலைப் புதுக்கோட்டையில், மலையடிவாரத்தை ஒட்டிய உறவினர் ஒருவரின் காலி மனையில் ஓர் ஓடு வேய்ந்த கொட்டகை போட்டுக்கொண்டேன். ராக்கு சூளையைக் குடியிருப்புக்கு நடுவே வைக்க முடியாது; அதன் புகை அவ்வளவு அடர்த்தியானது.

ராக்கு என்பது ஜப்பானியச் சொல். 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், கியோத்தோ நகரில் சோஜிரோ என்ற குயவர், தேநீர்ச் சடங்கின் ஆசானான சென் நோ ரிக்யூவுக்காகக் கையாலேயே பிடித்துச் செய்த கிண்ணங்களிலிருந்து அந்த மரபு தொடங்குகிறது. சூளை எரிந்துகொண்டிருக்கும்போதே, சூட்டில் கண்ணாடியாகும் மேற்பூச்சு உருகிய நிலையில் பாத்திரத்தை இடுக்கியால் வெளியே எடுப்பது அதன் அடையாளம். எடுத்ததைப் புகையில் மூடுகிற வழக்கம் ஜப்பானிய மரபில் இல்லை. அது 1960இல் அமெரிக்காவில் பால் சோல்ட்னர் செய்து பார்த்த சோதனைகளிலிருந்து பரவியது. இன்று ஸ்டுடியோக்களில் நாம் ராக்கு என்று சொல்வது பெரும்பாலும் இந்த இரண்டாவது முறையைத்தான். செந்தணலாக இருக்கும் பாத்திரத்தை மரத்தூள் நிரப்பிய இரும்புத் தொட்டியில் வைத்து மூடிவிட்டால், உள்ளே காற்று தீர்ந்து போய்ப் புகையில் இருக்கும் கரி, பூச்சில்லாத மண்ணின் நுண்துளைகளில் ஏறி நிலைத்துவிடுகிறது. பூச்சு மூடிய இடத்தில் கரி ஏறாது. ஆனால் பூச்சு குளிரும்போது விடுகிற கீறல்களின் வழியே மட்டும் நுழைந்து வலைக்கோடுகளைக் காட்டும். ஆகவே இந்தக் கலையில் கறுப்பு வேண்டும் என்றால் அந்த இடத்தில் எதையும் பூசாமல் விட வேண்டும்.

இதை நான் பாடமாகக் கேட்டபோது புதிதாகத் தோன்றவில்லை. மகால் பக்கத்துத் தெரு ஒன்றில் வளர்ந்தவள் நான். எங்கள் திண்ணைக்கு எதிர்த் திண்ணையில், நாங்கள் எல்லோரும் பாட்டி என்று அழைத்த ஒரு சௌராஷ்டிர மூதாட்டி, மதியம் முழுவதும் சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருப்பார். துணியில் கடுகளவு நுனியைக் கிள்ளி நூலால் இறுக்கிச் சுற்றுவார். சாயத் தொட்டிக்குப் போய் வந்து முடிச்சை அவிழ்த்தால் அந்த இடம் மட்டும் வெள்ளைப் புள்ளியாக நிற்கும். முடிச்சு தளர்ந்திருந்தால் புள்ளியின் ஓரத்தில் சாயம் கசியும். கையால் ஒரு புள்ளியைத் தடவிப் பார்த்தே, "இது நிக்காது கண்ணு" என்று அவிழ்த்துவிட்டு மறுபடியும் கட்டுவார். சாயத் தொட்டியில் விழுந்த பிறகு திருத்தம் கிடையாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. என் ஆறு ஜாடிகளில் நான்கு, சூளைக்குப் போகும் முன்பே, மேசை மீதே கெட்டுப்போனவைதாம் என்று பிற்பாடு கணக்குப் பார்த்தபோது அவர் நினைவு வந்தது.

முதல் ஜாடி மண்ணால் போனது. உயர்வெப்பத்தில் சுடுவதற்கான நயமான வெள்ளை மண்ணில் வனைந்திருந்தேன். சூளையிலிருந்து எடுத்து மூன்று எட்டு நடப்பதற்குள் கழுத்திலிருந்து அடிவரை பிளந்தது. சுமார் 950 டிகிரி செல்சியஸில் இருந்த பொருள் ஒரே மூச்சில் வெளிக்காற்றைச் சந்திக்கும்போது, வெளிச்சுவர் சுருங்கும் வேகத்துக்கு உட்சுவர் ஈடுகொடுப்பதில்லை. மண் நெருக்கமாக இறுகியிருந்தால் பிளப்பதைத் தவிர அதற்கு வேறு வழியில்லை. விளாச்சேரியில் பொம்மையும் சட்டியும் செய்கிற ஒரு பெரியவரிடம் அந்தத் துண்டைக் கொண்டுபோய்க் காட்டினேன். உடைந்த விளிம்பைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தவர், "இதுல மணலே இல்லையே டீச்சர். தண்ணிப் பானைக்கும் அடுப்புல ஏத்துற சட்டிக்கும் ஒரே மண்ணா போடுவோம்? சட்டி சூடு தாங்கணும்னா உள்ள இடம் விடணும்" என்றார். அவர் சொன்னதையே ஸ்டுடியோக்காரர்கள் க்ராக் என்ற பெயரில் செய்கிறார்கள். ஏற்கெனவே சுட்ட மண்ணை உடைத்துச் சலித்த குருணை அது. மண்ணோடு கலந்தால் சுவருக்குள் இடைவெளி விட்டு, ஒரு சிறு விரிசல் ஓடத் தொடங்கினாலும் அடுத்த குருணையில் முட்டி நிற்கச் செய்கிறது. இப்போது என் மண்ணில் எடையில் நான்கில் ஒரு பங்கு க்ராக் கலக்கிறேன். மெல்லிய ரவை அளவிலிருந்து நொய் அளவு வரை கலவையாக இருந்தால் நல்லது. சுவரின் கனம் எல்லா இடத்திலும் ஏழு மில்லிமீட்டரை ஒட்டி ஒரே சீராக இருக்க வேண்டும். அடி மட்டும் தடித்துப்போன ஜாடிகள் எனக்கு அடியில்தான் விட்டன. தட்டையான தாம்பாள வடிவத்தைத் தொடக்கத்தில் யாரும் முயல வேண்டாம். உருண்ட வயிறுள்ள பாத்திரமே அதிர்ச்சியை நன்றாகத் தாங்குகிறது.

க்ராக் ஒரு சிக்கலைத் தீர்த்து இன்னொன்றைக் கொண்டுவந்தது. ஜாடியின் மேற்பரப்பு சொரசொரப்பானது. கோடுகளுக்காக ஒட்டும் மாஸ்கிங் டேப் அந்தச் சொரசொரப்பின் மேல் பாலம்போல் தொங்கி நிற்க, அதன் அடியில் பூச்சு புகுந்து, இரண்டாம் ஜாடியின் கோடுகள் எல்லாம் பல்லுப் பல்லாக வந்தன. இதற்குக் கிடைத்த தீர்வு, மண் முக்கால் காய்ந்து விரல் அழுந்தாத பதத்தில் இருக்கும்போது, சீனக் களிமண்ணும் பால் கிளே எனப்படும் ஒட்டுக் களிமண்ணும் கலந்து நன்றாகச் சலித்த வெள்ளைக் குழம்பை இரண்டு தடவை பூசி, அது இழுத்துக்கொண்டதும் கூழாங்கல்லால் மெதுவாக வழவழப்பாக்குவதுதான். பூச்சின் வெள்ளை பளிச்சென்று தெரிவதற்கும் அந்த வெண்மண் உதவுகிறது. புகையில் மூடும்போது பூச்சில்லாத இடங்களில் வெண்மண்ணும் கறுப்பாகிவிடுவதால் கோட்டின் நிறத்துக்கு அதனால் கெடுதல் இல்லை.

காய்ந்த ஜாடியை முதலில் மின்சூளையில் 950 டிகிரிவரை மெதுவாகச் சுட்டெடுக்க வேண்டும். அப்படிச் சுட்டதை ஒரு விரலால் சுண்டிப் பார்க்காமல் அடுத்த வேலைக்குப் போகக் கூடாது. சந்தையில் பானை வாங்கும் பெண்கள் செய்வதுதான் இது. கணீரென்று ஒலித்தால் முழுசு. மந்தமாக ஒலித்தால் கண்ணுக்குத் தெரியாத விரிசல் எங்கோ இருக்கிறது. என் மூன்றாம் ஜாடியை விளாச்சேரிப் பெரியவர் சுண்டிவிட்டு, "இது பேசலையே டீச்சர்" என்று சொன்னார். இரண்டு நாள் வேலை வீணாகிறதே என்ற தயக்கத்தில் அதற்கும் கோடு ஒட்டி, பூச்சுப் பூசிச் சூளையில் வைத்தேன். இடுக்கி பிடித்த நொடியில் அது இரண்டாகி, ஒரு பாதி பர்னர் வாயில் விழுந்தது. பக்கத்தில் நின்றவர்கள்மேல் விழுந்திருக்கலாம் என்பதை நினைத்தால் இன்றும் எனக்குக் கவலையாக இருக்கிறது.

இனி வடிவக் கணிதம். இதில்தான் நான் அதிக நேரம் செலவிட்டேன். வேறு எந்தக் கட்டத்தையும்விட இதில் எனக்கு மகிழ்ச்சியும் அதிகம். கணிதம் தெரிந்தவள் என்ற நம்பிக்கையில் முதலில் தாளில் சதுரக் கட்டம் வரைந்து, அதை அப்படியே ஜாடியின்மேல் மாற்ற முயன்றேன். உருண்டையின்மேல் சதுரம் உட்காராது. என் ஜாடியின் வயிற்று விட்டம் 21 செ.மீ.; சுற்றளவு 66. பன்னிரண்டாகப் பிரித்தால் ஒவ்வொரு பங்கும் ஐந்தரை செ.மீ. கழுத்தின் கீழ் விட்டம் பத்தரை, சுற்றளவு 33, அதே பன்னிரண்டில் ஒரு பங்கு 2.75 செ.மீ.தான். ஆகையால் மேலே போகப் போகக் கட்டம் ஒடுங்கியே தீரும். அந்த ஒடுக்கத்தோடு சண்டை போடாமல், மேல்வரிசைக்கு முக்கோணத்தையும் அகன்ற வயிற்றுக்குச் சாய்சதுரத்தையும் தேர்ந்தெடுத்த பிறகுதான் வடிவம் ஜாடியோடு சேர்ந்து மூச்சுவிடத் தொடங்கியது. இந்த அளவுகளையெல்லாம் முதல் சுடலுக்குப் பிறகே எடுக்க வேண்டும். ஈர மண்ணில் குறித்த அளவு காய்ந்து வெந்ததும் சுருங்கி வேறாகிவிடும். என் மண் ஏறக்குறைய எட்டு சதவீதம் சுருங்குகிறது.

பிரிப்பதற்குக் கருவி எதுவும் தேவையில்லை. ஒரு தாள் பட்டையை வயிற்றைச் சுற்றி, முனைகள் சேரும் இடத்தில் வெட்டி, அதை மூன்றாக மடித்து, பின் இரண்டாக, மீண்டும் இரண்டாக மடித்தால் 12 சம பாகங்கள் கிடைக்கும். பட்டையை மறுபடி சுற்றி மடிப்புகளை மென்மையான பென்சிலால் குறிக்கலாம். பென்சில் கோடு சூளையில் எரிந்து மறைந்துவிடும். செங்குத்துக் கோட்டுக்கு ஜாடியைச் சக்கரத்தின் நடுவில் நிறுத்தி, பக்கத்தில் மூலைமட்டம் ஒன்றை நிற்கவைத்து அதன் விளிம்பைப் பார்த்தே புள்ளிகளை இணைக்கிறேன். கிடைக்கோட்டுக்குப் பென்சிலை ஓரிடத்தில் அசையாமல் பிடித்துக்கொண்டு சக்கரத்தைச் சுற்றினால் போதும்.

டேப்பைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது. கடையில் கிடைக்கும் ஓரங்குல டேப் உருண்ட பரப்பில் சுருக்கம் விழாமல் ஒட்டாது. கண்ணாடியின்மேல் ஒட்டி, இரும்பு அளவுகோல் வைத்துக் கூர்மையான கத்தியால் மூன்று மில்லிமீட்டர் கீற்றுகளாக வெட்டிக்கொண்டால் அவை வளைவோடு வளைந்து போகும். ஒரு ஜாடிக்கு ஏறக்குறைய எட்டு மீட்டர் கீற்று செலவாகிறது. ஒட்டும் முன் ஜாடியை ஈரத்துணியால் துடைத்துத் தூசி போக்கி, முழுதும் உலரவிட வேண்டும். தூசியின்மேல் ஒட்டிய டேப் பூச்சின் ஈரம் பட்டதுமே எழும்பிவிடும். ஒட்டிய பின் இரண்டு ஓரங்களையும் கரண்டியின் முதுகால் அழுத்தித் தேய்க்க வேண்டும். இரண்டு கீற்றுகள் வெட்டிக்கொள்ளும் சந்திகளில் மேல் கீற்றின் அடியில் ஒரு சிறு குகை உருவாகும். அதை நகத்தால் அழுத்தி மூடாவிட்டால் ஒவ்வொரு சந்தியிலும் ஒரு வெள்ளைச் சொட்டு புகுந்துகொள்ளும். பாட்டி முடிச்சைத் தடவிப் பார்த்ததுபோல நானும் இப்போது ஒவ்வொரு சந்தியையும் விரலால் தடவிப் பார்த்த பிறகே பூச்சுக் கிண்ணத்தைக் கையில் எடுக்கிறேன்.

பூச்சு எளிமையானது. ஈயம் கலவாத ஃப்ரிட் (முன்பே உருக்கிப் பொடித்த கண்ணாடித் தூள்) 90 பங்கு, சீனக் களிமண் 10 பங்கு, அதற்கு மேல் வெண்மைக்காக வெள்ளீய ஆக்சைடு 5 பங்கு. ஃப்ரிட் வாங்கும்போது ஈயம் இல்லை என்பதைக் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். தோசை மாவைவிடச் சற்றே நீர்த்த பதத்தில் கரைத்து, நுண்சல்லடையில் இரண்டு முறை வடிகட்டி, அகலத் தூரிகையால் மூன்று தடவை பூசுகிறேன். ஒன்றைக் கிடையாகப் பூசினால் அடுத்ததை நெடுக்காகப் பூச வேண்டும். உலர்ந்த பூச்சு ஒரு மில்லிமீட்டர் கனம் இருந்தால் கீறல் வலை நன்றாக விழுகிறது. டேப்பை உரிக்கும் நேரம் மிக முக்கியம். பூச்சு முழுவதும் காய்ந்த பின் உரித்தால் ஓரம் செதில் செதிலாகப் பெயரும். நான்காம் ஜாடி அப்படித்தான் போனது. ஈரப் பளபளப்பு மறைந்து, தொட்டால் குளிர்ச்சி மட்டும் தெரிகிற நேரத்தில், கீற்றை நிமிர்த்தி இழுக்காமல் வந்த வழியே படுக்கவைத்துத் திருப்பி இழுக்க வேண்டும். மீதமிருக்கும் பிசிறுகளை மூங்கில் குச்சியின் கூர்முனையால் நீக்கி, கோட்டின் மேல் ஈரத் தூரிகையை ஒருமுறை ஓட்டுகிறேன். கோட்டில் மெல்லிய மாவுப் படலம் தங்கினாலும் அது உருகிக் கண்ணாடியாகி, அந்த இடம் கறுக்காது.

சூளையை நாங்களே கட்டினோம். 200 லிட்டர் எண்ணெய் டிரம் ஒன்றைப் பழைய இரும்புக் கடையில் வாங்கி, அடியை நீக்கி, உயரத்தைக் குறைத்து, உள்ளே 25 மி.மீ. கனமுள்ள செராமிக் ஃபைபர் போர்வையை இரண்டு அடுக்காக வைத்து, மண்ணில் செய்து சுட்ட பொத்தான்களாலும் சூடு தாங்கும் நிக்ரோம் கம்பியாலும் தைத்தோம். மேலே புகை போக ஒரு துளை. கீழே பர்னருக்கு ஒரு வாய். தரையில் வெப்பங்காப்புச் செங்கல். டிரம்மின் இருபுறமும் நீண்ட இரும்புக் கைப்பிடிகள் வைத்து, நேரம் வந்ததும் இருவர் அதை அப்படியே மேலே தூக்கி அப்பால் வைக்கும்படி செய்தோம். போர்வையை வெட்டும்போது பறக்கும் இழைகள் நுரையீரலுக்குக் கேடு. துணி முகமூடி போதாது, நுண்துகள் தடுக்கும் முகமூடி வேண்டும். எரிபொருள், வணிகப் பயன்பாட்டுக்கான 19 கிலோ எரிவாயு சிலிண்டர். வேகமாக வாயுவை இழுக்கும்போது சிலிண்டரின் அடிப்பகுதி குளிர்ந்து பனி படியும், அழுத்தம் குறையும், சுடர் தளரும். அப்போது பதறிச் சிலிண்டரைச் சூடாக்கும் எண்ணமே வரக் கூடாது. ஓர் அகன்ற தொட்டியில் சாதாரணத் தண்ணீர் ஊற்றி அதில் சிலிண்டரை நிற்கவைத்தால் போதும். சூளைக்கும் சிலிண்டருக்கும் நடுவே நான்கு மீட்டர் இடைவெளி விடுகிறோம்.

புகைத்தொட்டிக்குத் துத்தநாகம் பூசிய டிரம் வேண்டாம். சூட்டில் துத்தநாகப் புகை எழும். வெறும் இரும்பு டிரம், பொருத்தமான மூடி, விளிம்பில் ஈர மணல். தூளுக்கு மர அறுவை ஆலைக்குப் போகும்போது, பிளைவுட் அறுத்த தூளைக் கொடுத்துவிடப் பார்ப்பார்கள். அதில் பசை இருப்பதால் புகை நச்சுத்தன்மை உடையது. கட்டை அறுத்த தூள் மட்டும் கேட்டு வாங்கி, இரண்டு நாள் வெயிலில் உலர்த்துகிறேன். நம் பக்கத்தில் எளிதாகக் கிடைக்கிறதே என்று ஒருமுறை நெல் உமியை நிரப்பினேன். ஐந்தாம் ஜாடி அது. உமியில் மணற்சத்து மிகுதி. எரிந்த பின் தங்கும் வெண்சாம்பல், உருகிய பூச்சின்மேல் ஒட்டி மணல் தாளைப்போலச் சொரசொரப்பாக்கிவிட்டது. வைக்கோல் வேகமாகப் பற்றிக்கொண்டு அணைந்துவிடுகிறது. மெல்லிய மரத்தூளுக்கு நிகராக எதையும் நான் இன்னும் காணவில்லை.

ஆறாம் ஜாடியை ஆடிக் காற்றில் இழந்தேன். நாகமலை அடிவாரத்தில் ஆடி மாதத்துக் காற்று எப்படி வீசும் என்பது அந்தப் பக்கத்துக்காரர்களுக்குத் தெரியும். சுடர் ஒரு பக்கமாகச் சாய்ந்து, ஜாடியின் ஒரு பாதி அதிகமாக வெந்து, அந்தப் பக்கத்துப் பூச்சு வழிந்து கோடுகளுக்குள் ஓடியது. மூன்று மில்லிமீட்டர்க் கோடு ஒரு மில்லிமீட்டராகியது, சில இடங்களில் முழுவதும் அடைபட்டுப் போனது. தொட்டி மூடியையும் காற்று ஒருபுறம் தூக்கியதால் கறுப்பு சாம்பல் நிறமாக வெளுத்துவிட்டது. ஆகவே ஆடி, ஆவணியில் இப்போது நான் சூளையைத் தொடுவதில்லை. ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் வேறு இடர்: ஜாடி காற்றிலிருந்து ஈரம் உறிஞ்சியிருக்கும், அந்த ஈரம் நீராவியாகி ஜாடியை வெடிக்கவைக்கும். தை, மாசி மாதங்களின் காற்றில்லாத காலை நேரமே இந்த வேலைக்கு ஏற்றது.

ஏழாம் ஜாடியை ஒரு மாசிக் காலையில் ஆறு மணிக்குச் சூளையில் ஏற்றினோம். அதற்கு முந்தைய நாள் மாலை, சுடாத சூளையை வைத்தே முழு ஒத்திகையும் பார்த்தோம். என் தம்பியும் அவன் நண்பனும் டிரம்மைத் தூக்குவது, நான் இடுக்கியால் ஜாடியின் கழுத்தைப் பிடிப்பது, நான்கு எட்டு நடப்பது, தொட்டியில் இறக்குவது, தம்பி ஓடிவந்து மூடுவது ஆகிய அனைத்தையும் ஐந்து முறை செய்தோம். கழுத்தைச் சற்றே உள்வாங்கி, விளிம்பை வெளியே விரித்து நான் வனைந்ததற்கும் இதுதான் காரணம். இடுக்கி வயிற்றைப் பிடித்தால் உருகிய பூச்சில் தழும்பு விழும். எல்லோரும் பருத்தி உடை, தோல் காலணி, கண்ணாடி, நீண்ட தோல் கையுறை அணிந்திருந்தோம். செயற்கை இழைத் துணி உடலில் ஒட்டி உருகும் என்பதால் அதை அனுமதிப்பதே இல்லை. பக்கத்து வீடுகளுக்கு முதல் நாளே சொல்லி வைத்திருந்தோம். இரண்டு வாளி மணலும் ஒரு குழாய்த் தண்ணீரும் தயாராக இருந்தன.

முதல் அரை மணி நேரம் சிறு சுடரிலேயே வைத்திருந்தேன். மண்ணிலுள்ள குவார்ட்ஸ் 573 டிகிரியில் திடீரென்று விரியும்; அந்த இடத்தை நிதானமாகக் கடக்க வேண்டும். 600ஐத் தாண்டிய பிறகு வாயுவைக் கூட்டினேன். 850ஐ ஒட்டிப் பூச்சு கொதிக்கத் தொடங்கியது. புகைத் துளை வழியே பார்த்தால் ஆரஞ்சுத் தோலைப்போலக் குமிழ் குமிழாக இருந்தது. புதியவர்கள் இதைப் பார்த்துப் பூச்சு கெட்டுவிட்டதென்று பதறுவார்கள், அல்லது உருகிவிட்டதென்று நினைத்து எடுத்துவிடுவார்கள். இரண்டுமே தவறு. பொறுத்திருந்தால் குமிழ்கள் ஒவ்வொன்றாக அடங்கி, உருக்கிய நெய்யின் மேற்பரப்புபோல ஜாடி பளபளக்கும். சூளையின் வெப்பத்தை அளக்கும் பைரோமீட்டர் 945 காட்டியபோது அந்தப் பளபளப்பு வந்தது. எண்ணைவிடக் கண்ணையே நம்ப வேண்டும். ஆனால் கண்ணுக்கு வெல்டிங் செய்கிறவர்கள் அணிவது போன்ற கருங்கண்ணாடி அவசியம். அதற்குமேல் ஐந்து நிமிடம் விட்டிருந்தால்கூடக் கோடுகள் வழிந்திருக்கும்.

வாயுவை அடைத்தோம். டிரம் எழும்பியது. காலை வெளிச்சத்திலும் ஜாடி தீயின் துண்டாக நின்றது. அந்த நிலையில் அதில் கோடும் தெரியவில்லை, கட்டமும் தெரியவில்லை. இடுக்கியில் எடுத்ததும் நேராகத் தொட்டிக்குக் கொண்டுபோகாமல், காற்றில் ஏறக்குறைய 20 நொடி பிடித்திருந்தேன். பூச்சு மண்ணைவிட அதிகமாகச் சுருங்குவதால் கீறல் விடும்போது, வெள்ளிச் சலங்கை ஒன்றை எங்கோ தூரத்தில் தட்டுவது போன்ற மெல்லிய ஒலி எழும். அந்த ஒலி தொடங்கியதும் இறக்க வேண்டும். முன்னதாக இறக்கினால் கீறல்கள் விழுவதற்குள் புகை தீர்ந்துவிடும். பின்னதாக இறக்கினால் மண்ணின் சூடு குறைந்து கோடுகள் கறுக்காது. செம்பு கலந்த பூச்சுகளுக்கு இந்தக் காத்திருப்பு கூடாது; அவற்றின் உலோக மினுமினுப்புக்கு உடனே மூட வேண்டும். "அக்கா, இறக்கு, சத்தம் கேக்குது" என்று தம்பி சொன்னபோது என் காதிலும் அது விழுந்தது. தூள் குபீரென்று பற்றியது. மேலே இன்னும் இரண்டு கை தூள் தூவி மூடியை அழுத்தினான்.

அதன்பின் 20 நிமிடம் யாரும் தொட்டிக்கு அருகில் போகக் கூடாது என்பது எங்கள் கண்டிப்பான விதி. நான்காம் ஜாடியின்போது ஆவல் தாங்காமல் ஐந்து நிமிடத்தில் மூடியை நீக்கினேன். உள்ளே காற்றுக்காக ஏங்கி நின்ற புகை, காற்றுப் பட்டதும் ஒரே சுடராக எழுந்து என் புருவத்தைக் கருக்கியது. அந்தப் புகையில் கார்பன் மோனாக்சைடும் இருக்கிறது. வாசனையால் அறிய முடியாத நஞ்சு அது. திறந்தவெளியில், காற்று வரும் பக்கத்தில் நின்றே வேலை செய்ய வேண்டும். ஜாடியைத் தண்ணீரில் முக்கிக் குளிர்விப்பதையும் நான் விட்டுவிட்டேன்; செம்பு நிறங்களை நிறுத்திவைக்க அது உதவலாம், வெள்ளைப் பூச்சுக்கு அதனால் பயனில்லை, விரிசல் அபாயம்தான் மிச்சம்.

குளிர்ந்த ஜாடி வெளியே வந்தபோது முழுவதும் கரிபிடித்து ஒரே கறுப்பாக இருந்தது. பாத்திரம் தேய்க்கும் நாரும் சோப்புத் தூளும் கொண்டு கழுத்திலிருந்து கீழ்நோக்கித் தேய்க்கத் தேய்க்க, முதல் முக்கோணம் வெளுத்தது. அடுத்தது, அடுத்தது என்று பன்னிரண்டும் வெளுத்தன. கோடுகள் அசையாமல் நின்றன. நார் எவ்வளவு தேய்த்தாலும் போகாத கறுப்பு அது. நேர்கோடுகளுக்குள் அடைபட்ட ஒவ்வொரு கட்டத்திலும் கீறல்கள் தம் போக்கில் வெவ்வேறு விதமாக ஓடியிருந்தன. நான் அளந்து வெட்டிய கோடு இல்லையென்றால் அந்தக் கீறல்களின் சுதந்திரம் இவ்வளவு அழகாகத் தெரிந்திருக்காது. மேசையில் எட்டு மீட்டர்க் கீற்றை ஒட்டிச் செலவழித்த இரண்டு நாள்களையும் அந்த நொடியில் முழுமையாகத் திரும்பப் பெற்றேன்.

சில வாரம் கழித்துக் கீழடி அருங்காட்சியகத்துக்கு அந்த ஜாடியின் நினைவோடு போயிருந்தேன். கறுப்பு-சிவப்புப் பானை ஓடுகளை அதற்கு முன்பும் பார்த்திருக்கிறேன். ஆனால் உள்ளே கறுப்பு, வெளியே சிவப்பு என்பதைக் கடந்து யோசித்ததில்லை. கவிழ்த்து வைத்துச் சுடும்போது காற்றுப் புகாத உட்புறம் கரியேறிக் கறுக்கிறது, காற்றுப் படும் வெளிப்புறம் சிவக்கிறது என்றே அதை விளக்குகிறார்கள். வைகைக் கரையில் 2,000 ஆண்டுகளுக்கு முன்பே காற்றை அடைத்தும் திறந்தும் நிறத்தைப் பிரித்த கைகள் இருந்திருக்கின்றன. அந்த ஓடுகளின் முன் நான் வெகுநேரம் நின்றேன். உடன் வந்த விளாச்சேரிப் பெரியவர், "நம்ம சூளையிலயும் பானை ஒண்ணோட ஒண்ணு ஒட்டுன எடம் கறுத்துத்தான் வரும். அதை நாங்க கழிச்சுப் போடுவோம் டீச்சர், நீங்க அதையே தேடிப் போறீங்க" என்றார்.

இந்த வகை ஜாடியில் தண்ணீர் ஊற்ற வேண்டாம் என்பதை வாங்குகிறவர்களிடம் தவறாமல் சொல்கிறேன். மண் முழுவதும் இறுகாததாலும் பூச்சு கீறல் விட்டிருப்பதாலும் தண்ணீர் கசியும். உணவுப் பொருளும் வைக்கக் கூடாது. காய்ந்த பூக்களோ நாணற்தட்டையோ வைக்கலாம். ஈரத்துணியால் துடைத்தால் போதும். செம்புப் பூச்சுள்ள பாத்திரமாக இருந்தால் வெயில் படாத இடத்தில் வைக்க வேண்டும். ஆண்டுகள் செல்லச் செல்ல அதன் மினுமினுப்பு பச்சையாக மாறும். கறுப்பு-வெள்ளைக்கு அந்தக் கவலை இல்லை.

என் ஜாடியின் பின்பக்கத்தில், கீழ்வரிசையில் ஒரு முக்கோணத்தின் முனை மட்டும் மழுங்கியிருக்கிறது. அந்தச் சந்தியை விரலால் தடவிப் பார்த்தேனா என்று எனக்கு நினைவில்லை. அடுத்த ஜாடிக்கு வயிற்றில் 16 பாகம் என்று முடிவு செய்திருக்கிறேன். தாள் பட்டையை இரண்டிரண்டாகவே மடித்துக்கொண்டு போகலாம். இது ஆடி மாதம். கொட்டகையில் காற்று ஓய்வதற்குள் வெண்மண் பூசிய நான்கு ஜாடிகள் நிழலில் காய்ந்துவிடும்.